36 மணி நேர சிஇ-ய கடைசி வாரத்துல முடிச்சிடலாமான்னு கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். கோயம்புத்தூர்ல எம்ஏ முடிச்சு, இங்க வந்து டாக்டரேட் பண்ணி, 3000 மணி நேரம் சூப்பர்விஷன்ல ஓடி, ரெண்டு பரீட்சையும் எழுதி, போன மாசம்தான் கலிபோர்னியா சைக்காலஜிஸ்ட் லைசென்ஸ் கைக்கு வந்துச்சு, அதுக்குள்ள லைசென்ஸ புதுப்பிக்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ 36 மணி நேரம் சிஇ, அதாவது தொடர் கல்வி, காட்டணும்னு சொல்றாங்க, எல்லாரும் கடைசி வாரத்துல ஆன்லைன்ல காசு கட்டி முடிச்சிடுறாங்களாமே, நானும் அப்படி பண்ணலாமா அக்கான்னு கேட்டிருக்க. நான் ஃப்ரீமாண்ட்ல 14 வருஷமா பிராக்டிஸ் பண்றேன், முதல் ரெனியூவலுக்கு நானும் அப்படித்தான் பண்ணேன், நாலு ராத்திரி உக்காந்து பக்கத்த தள்ளி தள்ளி கடைசில இருக்குற பத்து கேள்விக்கு பதில் போட்டு சர்டிபிகேட்ட இறக்கி வச்சேன். அதுக்கு ஒரு மாசம் கழிச்சு நடந்தது இன்னைக்கும் மனசுல இருக்கு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

மொதல்ல ரூல்ஸ வேகமா சொல்லிடுறேன். அப்ப கோர்ஸ் மணி நேரம் மட்டும்தான் கணக்கு. 2023-ல லைசென்ஸ் குடுக்குற கலிபோர்னியா சைக்காலஜி போர்டு முறைய மாத்துச்சு, இப்ப நாலு வகை இருக்கு, அதுல ரெண்டு வகைல இருந்தாவது மணி நேரம் வரணும், அதனால மொத்தத்தையும் ஆன்லைன் கோர்ஸ்லயே முடிக்குற வழி இப்ப கிடையாது. 36-ல 4 மணி நேரம் சட்டமும் எத்திக்ஸும், இன்னொரு 4 கல்ச்சுரல் டைவர்சிட்டி இல்லன்னா சோஷியல் ஜஸ்டிஸ். தற்கொலை ரிஸ்க் அசெஸ்மெண்ட் 6 மணி நேரம் லைசென்ஸ் வாங்கும்போதே காட்டியிருப்ப, அது ஒரு தடவதான். பியர் கன்சல்டேஷன் 18 மணி நேரம் வரைக்கும் எடுத்துக்குவாங்க, அதாவது பாதி! அந்த பாதிய சக சைக்காலஜிஸ்டுகளோட உக்காந்து கேஸ் பேசியே சம்பாதிக்கலாம், அதுக்குத்தான் நான் வரப்போறேன். சர்டிபிகேட், தேதி, யாரோட பேசின, எல்லாத்தையும் ரெனியூவலுக்கு அப்புறம் நாலு வருஷம் பத்திரமா வச்சுக்கோ, ஆடிட் வந்தா கேப்பாங்க.

இப்ப நடந்தத சொல்றேன், அடையாளம் தெரியக்கூடாதுன்னு விவரமெல்லாம் மாத்தியிருக்கேன். எனக்கு ஒரு இருபத்து சொச்சம் வயசு பையன் கிளையண்ட், நம்ம ஊர்க்காரங்கதான். ஒரு வியாழக்கிழமை சாயந்தரம் அவங்க அப்பா போன் பண்ணாரு, "அம்மா, உங்ககிட்டதான் என் பையன் வரான்னு தெரியும், அவன் ரூம்மேட்ட பத்தி நேத்து ஒரு மாதிரி பேசினான், அவன ஒரு வழி பண்ணாம விடமாட்டேன்னு..." அவர் முடிக்குறதுக்குள்ள நான் குறுக்க புகுந்து, "சார், யாரு எங்கிட்ட வராங்கன்னு கூட நான் சொல்ல முடியாது, மன்னிச்சுக்கோங்க"ன்னு வச்சுட்டேன். சரியாத்தான் பண்ணோம்னு நெனச்சேன். ராத்திரி தூக்கம் வரல. பதினோரு மணிக்கு எனக்கு சூப்பர்வைசரா இருந்த ஒரு சீனியர் மேடத்துக்கு போன் போட்டேன், அவங்க ஒரே கேள்விதான் கேட்டாங்க: "நீ சொல்லக்கூடாது, சரி. கேக்கக்கூடாதுன்னு எந்த ரூல்ல இருக்கு?"

அப்பதான் யூவிங் கேஸ ஞாபகப்படுத்துனாங்க. 2004-ல கலிபோர்னியா அப்பீல் கோர்ட் சொன்னது, கிளையண்ட் தன் வாயால மிரட்டல் விட்டாத்தான்னு இல்ல, அவர் குடும்பத்து ஆளு சிகிச்சைக்கு உதவட்டும்னு தெரபிஸ்ட்கிட்ட வந்து சொன்னாலும் அது கிளையண்டே விட்ட மிரட்டலா கணக்குல வரும். நான் கிளிக் பண்ணி தள்ளுன அந்த கோர்ஸ்ல அது ஒரு முழு பக்கம் இருந்துச்சு, அப்புறம் போய் தேடி பார்த்தேன், அந்த கேள்விக்கு சரியான பதிலும் போட்டிருக்கேன்! மறுநாள் காலைல அந்த பையன கூப்பிட்டு அன்னைக்கே வரச்சொன்னேன், அப்பா போன் பண்ணாருங்கறதையும் மறைக்காம அவன்கிட்ட சொன்னேன், நேரா கேட்டேன், ஒரு மணி நேரம் பேசினோம். கோவத்துல விட்ட வார்த்தைதான், ஆயுதமோ திட்டமோ எதுவும் இல்ல, கொஞ்ச நாள் சித்தப்பா வீட்ல இருக்கேன்னு அவனே சொன்னான், அப்பாகிட்ட நான் பேசலாம்னு கையெழுத்தும் போட்டு குடுத்தான். எல்லாத்தையும் நோட்ஸ்ல எழுதி வச்சேன். நல்லபடியா போச்சு. ஆனா அந்த வியாழக்கிழமை ராத்திரி பத்து மணி நேரம் நான் ஒண்ணுமே தெரியாம உக்காந்திருந்தேன், அந்த ராத்திரில ஏதாவது ஆகியிருந்தா?

தாரசாஃப் கேஸ நீ பரீட்சைக்கு படிச்சிருப்ப, இங்க ஃப்ரீமாண்ட்ல இருந்து பார்ட் ரயில் ஏறினா அது நடந்த பெர்க்லிதான். வங்காளத்துல இருந்து கப்பல் கட்டுமானம் படிக்க வந்த ஒரு மாணவன், புரோசென்ஜித் பொத்தார். நடன வகுப்புல பழகின டாட்டியானா தாரசாஃப் புத்தாண்டு ராத்திரி குடுத்த ஒரு முத்தத்த அவன் பெரிய வாக்குறுதியா எடுத்துக்கிட்டான், அவ அப்படி நெனைக்கலன்னு தெரிஞ்சதும் உடைஞ்சு போனான். கொல்லப்போறேன்னு யூனிவர்சிட்டி சைக்காலஜிஸ்ட்கிட்ட சொன்னான், அவரு கேம்பஸ் போலீஸ்க்கு சொன்னாரு, போலீஸ் புடிச்சு பேசிட்டு, தெளிவாத்தானே இருக்கான்னு விட்டுட்டாங்க, அந்த பொண்ணுக்கோ வீட்டுக்கோ யாருமே சொல்லல. 1969 அக்டோபர் 27 அவள குத்தி கொன்னுட்டான். 1976-ல கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புலதான், ஆபத்துல இருக்குற ஆள காப்பாத்துற கடமை தெரபிஸ்டுக்கு இருக்குன்னு உறுதியாச்சு. அவன் செஞ்ச கொலைக்கு கல்ச்சர் ஒரு சாக்கே கிடையாது. ஆனா அத படிக்கும்போதெல்லாம் எனக்கு தோணும், ஊர விட்டு தனியா வந்து, இங்கத்த பழக்கவழக்கம் புரியாம, ஹாஸ்டல் ரூம்ல ஒரே நெனப்ப நெனச்சு நெனச்சு மூழ்குற பசங்க இப்பவும் நம்மகிட்ட வராங்க, கல்ச்சுரல் 4 மணி நேரத்தையும் எத்திக்ஸ் 4 மணி நேரத்தையும் நீ தனித்தனியா பார்க்காத.

நம்ம ஆளுங்களுக்கு தமிழ்ல தெரபி பண்ணப்போறேன்னு வேற எழுதியிருக்க, அத படிச்சு அவ்ளோ சந்தோஷப்பட்டேன். ஆனா இந்த ஊரு தமிழாளுங்களுக்கு ரொம்ப சின்ன ஊரு. பொங்கல் விழாவுல உன் கிளையண்ட் உன் பக்கத்து பந்தில உக்காருவாங்க, இண்டியன் கடைல கறிவேப்பிலை எடுக்குறப்ப அவங்க மாமியார் வந்து "எந்த ஊரும்மா நீங்க"ன்னு கேப்பாங்க. ஏபிஏ, அதாவது அமெரிக்க சைக்காலஜிஸ்டுகள் சங்கத்தோட எத்திக்ஸ் கோட் 3.05-ல, எல்லா இரட்டை உறவும் (தெரபிஸ்டாவும் வெளில தெரிஞ்சவங்களாவும் இருக்குறது) தப்புன்னு சொல்லல, உன் நிதானத்த கெடுக்குமா, கிளையண்ட சுரண்டுமா, பாதிக்குமான்னு பார்க்க சொல்லுது. நான் முதல் செஷன்லயே சொல்லிடுவேன், வெளில பார்த்தா நானா வந்து பேசமாட்டேன், நீங்க பேசினா பேசுவேன், கோவிச்சுக்காதீங்கன்னு.

ஒரு அம்மா, பொண்ணோட கடைசி செஷனுக்கு மஞ்சப்பையோட வந்தாங்க. உள்ள எவர்சில்வர் தட்டு, வெத்தல பாக்கு, பூ, மைசூர்பாக் டப்பா, அடியில ஒரு பட்டுப்புடவை. தட்ட ரெண்டு கையால நீட்டுறாங்க, கண்ணு கலங்கியிருக்கு. வேணாம்னு சொன்னா அந்த அம்மா வீட்டுக்கு போய் என்ன நெனப்பாங்க? புடவைய வாங்கினா அது என்ன ஆகும்? கிஃப்ட பத்தி கோட்ல ஒரு நேர் வரி கிடையாது. நல்லவேளையா இதே மாதிரி ஒண்ண எங்க குரூப்ல முன்னாடியே பேசியிருந்தோம், அதனால கை நடுங்கல. வெத்தலையும் மைசூர்பாக்கும் எடுத்துக்கிட்டேன், "புடவைய உங்க பொண்ணு காலேஜ் போற அன்னைக்கு கட்டட்டும்மா, அதுதான் எனக்கு சந்தோஷம்"னு திருப்பி குடுத்தேன், அன்னைக்கே நோட்ஸ்ல எழுதுனேன். அந்த அம்மா முகம் வாடல.

ஊருக்கு போற கிளையண்ட் பத்தியும் சொல்லணும். அப்பாக்கு ஆபரேஷன், ஒரு மாசம் மதுரைல இருப்பேன், வாட்ஸ்அப்ல செஷன் வச்சுக்கலாமான்னு கேப்பாங்க, பாவமாத்தான் இருக்கும். ஆனா உன் லைசென்ஸ் கலிபோர்னியாவுக்கு, கிளையண்ட் எந்த மண்ணுல உக்காந்திருக்காரோ அந்த சட்டத்தையும் பார்க்கணும், ஒரு ஸ்டேட் லைசென்ஸ வச்சு மத்த ஸ்டேட் ஆளுங்களையும் பார்க்க விடுற சைபேக்ட்னு ஒரு ஒப்பந்தம் இருக்கு, பல ஸ்டேட் சேர்ந்திருக்குற அதுல கூட கலிபோர்னியா இல்ல. ஃப்ளைட் ஏறுறதுக்கு முந்தியே உக்காந்து, அங்க யாரு இருக்காங்க, மனசு ரொம்ப கஷ்டமானா யார கூப்பிடுவாங்கன்னு எழுதி குடுத்து அனுப்பு.

எத்திக்ஸ் மட்டும் இல்ல, நம்ம சிகிச்சை உண்மையாவே வேல செய்யுதாங்கறதும் இதுலதான் வருது. புது முறைல பிராக்டிஸ் அவுட்கம் மானிட்டரிங்னு ஒண்ணு இருக்கு, கிளையண்ட் தேறுறாங்களான்னு அளந்து பார்க்குறது, ஒரு கிளையண்டுக்கு ஒரு மணி நேரம்னு 9 மணி நேரம் வரைக்கும் கிடைக்கும், தயவுசெஞ்சு இத எடு. நம்ம ஆளுங்க மரியாதைக்காக "பரவால்லங்க, இப்ப நல்லா இருக்கேன்"னு சொல்லிடுவாங்க. எனக்கு ஒருத்தங்க எட்டு வாரமா அப்படியே சொல்லிட்டிருந்தாங்க, நானும் நம்புனேன். மனச்சோர்வ அளக்குற பிஎச்கியூ-9 கேள்வித்தாள குடுத்தப்ப 17 வந்துச்சு, 27-க்கு 17! ஒன்பதாவது கேள்வி, செத்துப்போயிடலாம்ங்கற நெனப்பு பத்தினது, அதுல "பல நாட்கள்"னு டிக் பண்ணியிருந்தாங்க. நேர்ல வாயில வராதது அந்த காகிதத்துல வந்துச்சு. அன்னைக்கு பேசவேண்டியதெல்லாம் பேசி, சேஃப்டி பிளான் எழுதி, தற்கொலை நெனப்பு வந்தா கூப்பிடுற 988 ஹெல்ப்லைன் நம்பர அவங்க போன்லயே சேவ் பண்ண வச்சேன். இப்ப நாலு வாரத்துக்கு ஒரு தடவ எல்லாருக்கும் அந்த ஃபாரம் குடுக்குறேன், அது என்னோட வேலைக்குத்தான் மார்க்குன்னு அவங்ககிட்டயே சொல்லி குடுக்குறேன், அப்ப மனசு விட்டு போடுறாங்க.

அதனால கோர்ஸுக்கு காசு கட்ட முன்னாடி ரெண்டு மூணு பேர புடி. எங்க குரூப்ல அஞ்சு பேரு, ஒருத்தர் பஞ்சாபி, ஒருத்தர் வியட்நாம், மத்தவங்க இந்த ஊரு, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம். பேரு சொல்லமாட்டோம், தொழில் ஊரு எல்லாம் மறைச்சுத்தான் பேசுவோம். யாருக்கு அந்த வாரம் வயித்துல கல்ல கட்டுன மாதிரி இருக்கோ அவங்க கேஸ்தான் மொதல்ல. தேதியும் பேசின விஷயமும் ஒரு நோட்ல ஏறிடும். எத்திக்ஸ் கோர்ஸ லைவா நடக்குறதா பார்த்து எடு, கேள்வி கேக்க முடியணும்.

ஒரு இடம் காலியா இருக்கு, மத்தவங்ககிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க. அடுத்த வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்கு சேர்ந்துக்கோ, உன்ன உறுத்திட்டிருக்குற ஒரு கேஸ, பேரு ஊரு எல்லாம் மாத்தி அரை பக்கம் எழுதி எடுத்துட்டு வா.