ஒன்றரை மடங்கு வேகம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து இந்த மாதம் ஒரு சவால் எடுத்திருக்கிறோம். முப்பது நாளில் முப்பது படம். எல்லாமே பழைய கிளாசிக்குகள், கலைப்படங்கள். தினமும் ஒன்று பார்த்துவிட்டு எங்கள் குழுவில் டிக் போட வேண்டும், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் கொடுக்க வேண்டும். இன்று பதினொன்றாம் நாள். எட்டுப் படம்தான் முடித்திருக்கிறேன்.

பின்தங்கிவிட்டதால் ஐந்தாம் நாளிலிருந்து ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். சப்டைட்டிலைப் படிக்க முடிகிறது, கதையும் புரிகிறது. ஆனால் எதுவும் மனதில் ஒட்டவில்லை. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் கடைசி வரை ஒன்றுமே நடக்கவில்லை. ‘ழான் டீல்மான்’ படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு உரிக்கிறார், உரித்துக்கொண்டே இருக்கிறார். இரண்டு படங்களில் பாதியில் தூங்கிவிட்டேன். உலகமே கொண்டாடும் படங்கள் பிடிக்கவில்லை என்றால் எனக்கு ரசனை இல்லை என்றுதானே அர்த்தம்? விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விட வேண்டாம். வேகத்தை மட்டும் பழையபடி வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஒன்றரை மடங்குதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பழைய மௌனப்படத் துண்டுகளை எங்காவது பார்த்திருப்பீர்கள். எல்லாரும் வெடுக் வெடுக்கென்று நடப்பார்கள். கதவைத் திறப்பதும் தொப்பியைக் கழற்றுவதும் பொம்மலாட்டம் போல இருக்கும். அந்தக் காலத்து மனிதர்கள் அப்படி நடக்கவில்லை. அன்று பெரும்பாலும் கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். விநாடிக்கு 16 பிரேம், 18 பிரேம், 20 பிரேம் என்று படத்துக்குப் படம் வேகம் மாறும். 1920களின் கடைசியில் பேசும்படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. பிற்பாடு பழைய படங்களையும் அதே 24இல் ஓட்டினார்கள். 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் என்ன ஆகும்? சரியாக ஒன்றரை மடங்கு. துக்கம் சுமந்து நடந்துவரும் மனிதர் துள்ளிக்கொண்டு வருவார். மௌனப்படம் என்றாலே ஒரு கோமாளித்தனம் என்று பலருக்கு மனதில் பதிந்துபோனதற்கு இது ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு படத்துக்கும் பொருத்தமான வேகம் எது என்று பொறுமையாகத் தேடி, ஆவணக் காப்பகங்களில் இருப்பவர்கள் அந்த மனிதர்களின் நடையை மீட்டுத் தந்திருக்கிறார்கள். நல்ல பிரதியில் பார்த்தால் அவர்கள் நம்மைப் போலவே நடக்கிறார்கள்.

நீங்கள் ஐந்தாம் நாளிலிருந்து எல்லாப் படத்தையும் அந்தப் பழைய கெட்ட பிரதியாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நடை என்று சொன்னது சும்மா உதாரணத்துக்கு இல்லை. ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ உங்கள் பட்டியலில் கண்டிப்பாக இருக்கும். இத்தாலிய இயக்குநர் டி சிகா 1948இல் எடுத்தது. அதில் அப்பாவாக வருபவர் நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. மகன் புரூனோவாக வரும் பையனைத் தேர்ந்தெடுக்கும்போது டி சிகா நடிக்கச் சொல்லிப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லித்தான் பார்த்தார் என்று பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பஸான் எழுதியிருக்கிறார். அப்பா நீளமான காலை எட்டி எட்டி வைத்துப் போக, பக்கத்தில் பையன் பாதி நடையும் பாதி ஓட்டமுமாக, அடிக்கடி அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வருவான். படம் முழுக்க அந்த இரண்டு நடைக்கும் நடுவில்தான் இருக்கிறது. கடைசியில் அப்பா தலைகுனிந்து, நடை தளர்ந்து போகும்போதுதான் பையனுடைய நடையும் அவருடைய நடையும் ஒன்றாகும். அவன் கை அவர் கையைப் பிடிப்பதும் அங்கேதான். இதை வேகமாக ஓடவிட்டால் சைக்கிள் தொலைந்த கதை தெரியும். அந்தக் கை பிடிப்பதற்குள் ஷாட் போய்விடும்.

சரி, உருளைக்கிழங்குக்கு வருகிறேன்.

‘ழான் டீல்மான்’ 201 நிமிடப் படம். உங்கள் வேகத்தில் 134 நிமிடம். பெல்ஜிய இயக்குநர் ஷான்டால் ஆக்கர்மான் 24 வயதில் இதை எடுத்தார். 1975இல் வெளிவந்தது. 1952இலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் திரைப்படப் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில் 2022ஆம் ஆண்டு முதலிடம் வந்தது. உங்கள் பட்டியலில் அது ஏறியதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். என்னைக் கேட்டால் சவாலின் முதல் பத்து நாளுக்குள் இந்தப் படத்தை வைத்திருக்கக் கூடாது. மலையேறப் பழகுகிறவரை முதல் வாரமே சிகரத்துக்கு அனுப்புவது போன்றது அது.

படத்தில் மூன்று நாள். கணவனை இழந்த ஒரு பெண், பள்ளிக்குப் போகும் மகன், ஒரு சின்ன வீடு. தினமும் பிற்பகலில் ஒரு ஆண் வருகிறான், பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகும் நேரத்துக்குள் அவன் வந்து போய்விடுவான். அவள் வாழ்க்கை அவ்வளவு துல்லியமாக அளந்து வைத்தது. சாப்பாட்டு மேஜையில் பீங்கான் பாத்திரம் ஒன்று இருக்கிறது. பணத்தை அதில் போட்டு மூடியை வைப்பாள். ஒரு அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைப்பாள். முதல் நாள் முழுக்க இதையெல்லாம் அவள் எவ்வளவு நேரம் எடுத்துச் செய்கிறாளோ அவ்வளவு நேரம் நாமும் பார்க்கிறோம். அலுப்பாகத்தான் இருக்கும். அந்த அலுப்பின் வழியாகத்தான் அவளுடைய நாளின் தாளம் நமக்குள் ஏறுகிறது.

இரண்டாம் நாள், அன்று வந்த ஆள் போன பிறகு அவள் தலைமுடி கொஞ்சம் கலைந்திருக்கிறது. பாத்திரத்தில் பணத்தைப் போடுகிறாள், மூடியை வைக்கவில்லை. உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது. சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அறை அறையாகப் போய்வருகிறாள். முதல் நாளை அதன் வேகத்திலேயே பார்த்தவருக்கு அந்தத் திறந்து கிடக்கும் பாத்திரம் வயிற்றைப் பிசையும். உங்களைச் சலிக்கவைத்த அந்த உரிக்கும் காட்சி அதற்குப் பிறகு வருவது. குழைந்ததைக் கொட்டிவிட்டு, கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவந்து உட்கார்ந்திருக்கிறாள். கேமரா எதிரே அசையாமல் நிற்கிறது. கத்தி போகும் விதத்தைப் பாருங்கள், அவள் கவனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவள் உரிப்பது நாளைக்கு என்ன ஆகப்போகிறது என்ற பயத்தை.

‘டோக்கியோ ஸ்டோரி’யில் ஒன்றும் நடக்கவில்லை என்கிறீர்கள். அதில் ஒரு அம்மா இறந்துபோகிறார். அதுகூட ஒன்றும் நடக்காதது போலப் போய்விட்டது என்றால், தயவுசெய்து முதல் சில நிமிடங்களையும் கடைசிச் சில நிமிடங்களையும் மட்டுமாவது மறுபடி பாருங்கள். தொடக்கத்தில் வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்ப மூட்டை கட்டுகிறார்கள். காற்று ஊதும் தலையணையைக் காணோம். உன்னிடம்தான் இருக்கிறது என்கிறார் கணவர், உங்களிடம்தான் கொடுத்தேன் என்கிறார் அந்த அம்மா. கடைசியில் அது கணவருடைய சாமான்களிலேயே கிடைக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலோரம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறாள். அவ்வளவுதான். படம் முடியும்போது அதே அறை, அதே ஜன்னல், அதே பெண் வந்து நின்று பேசுகிறாள். அவர் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அவளிடம் இன்னும் அன்பாக இருந்திருப்பேன் என்கிறார். தனியாக இருந்தால் பகல் ரொம்ப நீளமாகிவிடும் என்கிறார். படத்தை எடுத்த ஓசு அந்த வெற்றிடத்தின் மேல் கேமராவைக் கொண்டுபோய்க் காட்டமாட்டார். தரையில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்கும் கீழே கேமராவை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். நாம்தான் அந்த அம்மாவைத் தேட வேண்டும். தலையணைக்கு நடந்த சின்னச் சச்சரவு நினைவில் இருப்பவருக்குத்தான் தேடத் தோன்றும். பகல் நீளமாகிவிடும் என்று ஒருவர் சொல்லும்போது அந்தப் பகலைச் சுருக்கினால் அவர் சொன்னது எப்படிக் கேட்கும்?

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்காக வெட்கப்பட வேண்டாம். பார்க்கிறவரைத் தியேட்டரில் தூங்கவைக்கும் படங்களே தனக்குப் பிடிக்கும், அவற்றில் சில பிற்பாடு பல நாள் தன் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன என்ற பொருளில் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமி சொல்லியிருக்கிறார். தூக்கம் வந்தால் தூங்கிவிட்டு, மறுநாள் விட்ட இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னாலிருந்து பாருங்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு நள்ளிரவில் படத்தைத் தொடங்கினால் எந்த மேதையின் படமும் தாலாட்டாகத்தான் இருக்கும். அதில் ரசனைக்குச் சம்பந்தம் இல்லை.

ரசனை இல்லாதவர் எதுவும் மனதில் ஒட்டவில்லை என்று வருத்தப்பட மாட்டார். டிக் போட்டுவிட்டு நிம்மதியாகப் போய்விடுவார். உங்களுக்கு ஏதோ குறைகிறது என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதியிருக்கிறீர்கள். பார்த்த பிறகும் ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்தோனியோனியின் இத்தாலியப் படம் ‘லவெஞ்சூரா’வை 1960இல் கான் திரைப்பட விழாவில் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள். அதே விழாவில் அதற்கு ஜூரி பரிசும் கிடைத்தது. கூச்சல் போட்டவர்களும் பரிசு கொடுத்தவர்களும் படத்தை அதன் வேகத்தில்தான் பார்த்தார்கள்.

பல வருடம் முன்பு நானும் இப்படி ஒரு மாதம் பார்த்தேன். அன்று வேகத்தைக் கூட்டும் வசதி என்னிடம் இல்லை, அதனால் விடுமுறை நாளில் மூன்று படங்களை அடுத்தடுத்துப் போட்டு எண்ணிக்கையை ஈடுகட்டினேன். மாதம் முடிந்தபோது 30 என்ற எண் கையில் இருந்தது. சில வாரம் கழித்து ஒரு நண்பரிடம் ஒரு படத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். நான் சொன்ன காட்சி வேறொரு படத்தில் வருவது என்று அவர் மெதுவாகச் சொன்னார். அன்று எனக்கு உண்டான வேதனை இப்போதும் நினைவிருக்கிறது. அந்த மாதத்தில் எனக்கு மிஞ்சியது இரண்டாம் முறையாகப் பார்த்த ஒரே படம்தான். அது ‘பதேர் பாஞ்சாலி’. முதல் முறை கதையைப் பார்த்தேன், இரண்டாம் முறை நாணல் பூக்களைப் பார்த்தேன். அந்தப் பூக்களுக்கு நடுவில் அக்காவும் தம்பியும் ரயிலைத் தேடி ஓடும் காட்சியை சத்யஜித் ராய் ஒரு நாள் எடுத்தார். மறுவாரம் மிச்சத்தை எடுக்கப் போனால் மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும் வரை காத்திருந்து மீதியை எடுத்தார். இது தெரிந்த பிறகு அந்தக் காட்சியில் ஒரு விநாடியைக்கூட என்னால் தள்ளிவிட்டுப் போக முடியவில்லை.

இனி உங்கள் மிச்ச நாட்கள். முப்பதை மறந்துவிடுங்கள். இன்னும் ஏறத்தாழ இருபது நாள் இருக்கிறது, பத்துப் படம் போதும். அவற்றில் இரண்டு, ஏற்கெனவே பார்த்தவற்றை மறுபடி பார்ப்பதாக இருக்கட்டும். ‘டோக்கியோ ஸ்டோரி’ கட்டாயம். ‘ழான் டீல்மா’னை இப்போதே திரும்பப் பார்க்க வேண்டியதில்லை, அடுத்த வருடம்கூடப் பார்க்கலாம். கனமான படம் ஒன்றைப் பார்த்தால் மறுநாள் எதுவும் பார்க்காதீர்கள். போனை வேறு அறையில் வையுங்கள். படம் பார்ப்பதற்கு முன் அதைப் பற்றி எதையும் படிக்காதீர்கள், என்னுடைய கட்டுரைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சப்டைட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தால் நடிகரின் முகம் தவறிப்போகும். முடிந்த பிறகு பிடித்த ஒரு காட்சியை மட்டும் சப்டைட்டில் இல்லாமல் இன்னொரு முறை பாருங்கள், நீங்கள் எவ்வளவு தவறவிட்டீர்கள் என்று அப்போது தெரியும். அப்புறம், உங்கள் குழுவில் அந்த மதிப்பெண்ணை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாக ஆளுக்கு ஒரு காட்சியை மூன்று நான்கு வரியில் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம், கண்ணால் பார்த்தது மட்டும். நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நீங்கள் ஒருவராவது எழுதுங்கள்.

இன்று ராத்திரிக்கு ஒரு படம் சொல்கிறேன். கியாரோஸ்தமியின் ‘வேர் இஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்’, 1987இல் வந்தது, ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஒரு சிறுவன் வகுப்புத் தோழனின் நோட்டைத் தவறுதலாக வீட்டுக்கு எடுத்து வந்துவிடுகிறான். நோட்டில் வீட்டுப்பாடம் எழுதாமல் போனால் தோழனைப் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவார்கள். அதைக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான். இருட்டிய பிறகு வழிகாட்டுவதற்கு ஒரு முதியவர் கிடைக்கிறார், கதவு செய்யும் தச்சர். பையனுக்கோ தாங்க முடியாத அவசரம். அவர் தான் செய்த கதவுகளைக் காட்டிக்கொண்டே மெல்ல, மிக மெல்ல நடந்து வருவார். அந்த இடத்தில் உங்கள் விரல் பொத்தானைத் தேடும். தேடட்டும், அழுத்தாதீர்கள். அவனோடு சேர்ந்து நீங்களும் அந்த முதியவரின் நடைக்கு நடந்து பாருங்கள்.

கடைசிக் காட்சியில் ஆசிரியர் ஒரு நோட்டைப் புரட்டுவார். அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.