சைவம் சாப்பிடுபவருக்கும் மூளையில் புழுக்கட்டி வருமா?

டர்பனில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு ஓராண்டாகத் தலைவலி; ஸ்கேன் பார்த்துவிட்டு நாடாப்புழுக் கட்டி என்கிறார்கள்; பன்றி இறைச்சியைத் தொட்டதே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள்.

சைவக்காரருக்கும் வரும். பலர் குழம்புவது இங்கேதான். சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். மூளைக் கட்டிக்குக் காரணம் அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு உள்ள ஒருவர் கழிப்பறையிலிருந்து வந்து கை கழுவாமல் சமைத்தாலும், மலம் கலந்த நீர் பாய்ந்த கொத்தமல்லியை அலசாமல் குழம்பில் தூவினாலும் போதும். முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, இளம்புழு ரத்தத்தின் வழியே மூளைக்குச் சென்று கட்டியாகத் தங்கிவிடும். தென்னாப்பிரிக்காவில், குறிப்பாகக் கிழக்கு கேப் கிராமங்களில், இது பழகிய நோய். பெரும்பாலும் வலிப்பாகத்தான் வெளிப்படும்.

மருந்துக் கடையில் அல்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மாத்திரையை வாங்கி நீங்களே கொடுத்துவிடாதீர்கள். புழு சாகும்போது சுற்றிலும் வீக்கம் கூடும்; அதனால்தான் மருத்துவர்கள் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஏற்கெனவே செத்துச் சுண்ணாம்பாகிவிட்ட கட்டிக்குப் புழுக்கொல்லி மருந்தே தேவையில்லை.

ஸ்கேனில் கட்டி தெரிந்தாலும் தலைவலிக்கு அதுவே காரணம் என்றில்லை; நாள்பட்ட தலைவலிக்கு மூளைக் கட்டி காரணமாவது அரிது. பிறவியிலேயே இருக்கும் நீர்க்கட்டிகள் பல, வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரிபவை. அக்கா கோடீன் கலந்த வலி மாத்திரையை மாதத்தில் பத்து நாளுக்கு மேல் விழுங்குகிறாரா? அந்த மாத்திரையே தலைவலியை நீட்டிக்கும்.

வலிப்பு, விடாத வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் வந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.