அப்பாவின் வால்வை மாற்ற நெஞ்சைத் திறக்கணுமா?

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது. மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தில் பாதிப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார், போன மாதம் ஒருமுறை மயங்கியும் விழுந்தார். இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்டிக் வால்வு நன்றாகச் சுருங்கிவிட்டதாம். ஒரு டாக்டர் நெஞ்சைத் திறக்கணும் என்கிறார், இன்னொருவர் தொடை வழியாகவே மாற்றலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: இரண்டுமே நிஜமான வழிகள்தான். ஆனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இந்த வால்வு சுருங்கி மயக்கமும் மூச்சிரைப்பும் வந்துவிட்டால் தள்ளிப்போட நேரமில்லை. வால்வை மாற்றாமல் விட்டால் பாதிப் பேர் இரண்டு வருடம் தாண்டுவதில்லை. மாத்திரையால் அந்த வால்வு திறக்காது.

தொடை வழி முறைக்கு டாவி என்று பெயர். 2002ல் பிரான்ஸில் அலேன் கிரிபியே முதலில் செய்தார். பென்சில் கனக் குழாய் ஒன்றைத் தொடை இடுக்கு ரத்தக்குழாயில் நுழைத்து, மடக்கிய வால்வை இதயம் வரை கொண்டுபோகிறார்கள். பலூனை ஊதி வால்வை விரிக்கும் வகையாக இருந்தால், ஊதும் அந்தச் சில நொடிகளுக்கு இதயத்தை நிமிடத்துக்கு 180 முறை போலத் துடிக்க வைப்பார்கள், இல்லையென்றால் ரத்தம் பாயும் வேகத்தில் வால்வு நழுவிவிடும். பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை, புதியது அதை ஓரமாக நெருக்கிக்கொண்டு உட்காரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். நெஞ்செலும்பை அறுத்தால் அந்த எலும்பு ஒன்று சேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும்.

விலா எலும்புகளுக்கு நடுவே சின்னதாகக் கீறிச் செய்வது வேறு முறை. அதற்கும், ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும், கீறல் சின்னது என்பதால் ஆபரேஷனும் சின்னது என்று நினைக்காதீர்கள்.

75 தாண்டியவர்களுக்குப் பெரும்பாலும் டாவிதான் முதலில் யோசிக்கப்படும், என் எண்ணமும் அதுதான். ஆனால் சி.டி. ஸ்கேன் பார்க்காமல் யாரும் முடிவு சொல்லக் கூடாது: தொடை ரத்தக்குழாய் போதுமான அகலமா, வால்வு எந்த அளவு என்பதெல்லாம் அதில்தான் தெரியும். சிலருக்கு அப்புறம் பேஸ்மேக்கர் தேவைப்படலாம், பக்கவாத அபாயமும் கொஞ்சம் உண்டு, இதை வெளிப்படையாகக் கேளுங்கள். வால்வு மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் ஆனது, அப்பாவிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு டாக்டர்களையும் ஒரே ஸ்கேனை வைத்துப் பேசச் சொல்லித் தேதி வாங்குங்கள். அதற்குள் பல் டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், சொத்தைப் பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து புது வால்வில் போய் ஒட்டிக்கொள்ளும்.