கடைசி செமஸ்டரும் பாதியில் நின்ற வர்ணமும்

கேள்வி: அன்புள்ள அக்கா, திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறேன். சொந்த ஊர் புதுக்கோட்டை. ஏழு வயதிலிருந்து அங்கே ஒரு டீச்சரிடம் பரதம் கற்கிறேன். செலவை நினைத்து அரங்கேற்றம் செய்யவில்லை. கல்லூரி நடனக் குழுவுக்கு இந்த வருடம் நான்தான் தலைவி. கேம்பஸில் வேலை கிடைத்துவிட்டது, ஜூலையில் சென்னையில் சேர வேண்டும். "காலேஜோடு ஆட்டத்துக்கு ஒரு முழுக்குப் போட்டுவிடு" என்கிறார் அம்மா. இதுதான் கடைசி செமஸ்டர் என்று கல்ச்சுரல்ஸ், ஃபேர்வெல், ஒரு கோயில் நாட்டியாஞ்சலி, ஆயிரம் பேர் சேர்ந்து ஆடும் சாதனை நிகழ்ச்சி என எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். டீச்சரிடம் போய் மூன்று மாதம் ஆகிறது. காலில் முழங்காலுக்குக் கீழே வலி. எதையும் விட மனம் வரவில்லை. இந்த நான்கு மாதத்தை எப்படிப் பயன்படுத்துவது?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாய். எனக்கு 57 வயது. இருந்தாலும் திருத்தப் போவதில்லை, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

உன் கடிதத்தில் எனக்கு உறுத்திய வரி கால்வலி இல்லை. அதற்கு முந்தைய வரி. டீச்சரிடம் போய் மூன்று மாதம் ஆகிறது என்று, பஸ் பாஸ் புதுப்பிக்கவில்லை என்பதுபோல் போகிற போக்கில் எழுதிவிட்டாய். நீ பட்டியலில் எழுதிய நான்கு நிகழ்ச்சிகளையும்விட அந்த ஒரு வரிதான் பெரிய விஷயம். ஏன் என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நானும் கல்லூரிக் கடைசி வருடம் இப்படித்தான் ஆடித் தீர்த்தேன். ஆண்டு விழா, பக்கத்துக் கல்லூரிப் போட்டி, வழியனுப்பு விழா, எதையும் விடவில்லை. சிமெண்டுத் தரையில் ஒத்திகை பார்த்து ஒரு கணுக்காலைக் கெடுத்துக்கொண்டேன். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை. பதினோரு வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு, பரதக் கச்சேரியின் நீளமான உருப்படியான வர்ணத்தை ஆடிப் பார்த்தேன். மூன்று வேகத்தில் ஆடும் முதல் ஜதியான திரிகாலத் தீர்மானம் வந்தது. இரண்டாவது ஜதி பாதியில் நின்றுவிட்டது. கால் தானாகத் தட்டியது, அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று மட்டும் தெரியவில்லை. கேட்கலாம் என்றால் என் வாத்தியார் அதற்கு இரண்டு வருடம் முன்பே காலமாகியிருந்தார். அவர் சொல்லிக் கொடுத்த அந்த ஜதி எந்த நோட்டிலும் இல்லை. எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. சினிமாப் பாட்டுப் பதிவு செய்தோமே தவிர, அவர் தட்டுக்கழியால் தாளம் தட்டி, ‘தெய்யா தெய்’ என்று சொல்லுக்கட்டுச் சொன்னதைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியனுப்பு விழாவில் நான் ஆடிய பாட்டு எது என்று கேட்டால், சத்தியமாக ஞாபகம் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நான்கு மாதத்தில் நீ முக்கியமாகப் போக வேண்டிய இடம் புதுக்கோட்டை. திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ். மாதம் இரண்டு ஞாயிறு என்றால் எட்டு முறை போய் வரலாம். எட்டு வகுப்பில், அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் முழு மார்க்கத்தையும் பதிவு செய்து முடிக்கலாம் என்று கணக்குப் போடாதே, முடியாது. ஒரு வர்ணம். நேரம் மிஞ்சினால் ஒரு தில்லானா. அலாரிப்பும் ஜதிஸ்வரமும் உன் உடம்பில் ஊறியிருக்கும், அவை அவ்வளவு சீக்கிரம் போகாது.

முதல் முறை போகும்போது ஃபோனை நீட்டாதே. மூன்று மாதம் வராததற்கு மன்னிப்புக் கேள், வேலை கிடைத்ததைச் சொல். "இதையெல்லாம் மறந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது, எழுதியும் பதிந்தும் வைத்துக்கொள்ளட்டுமா?" என்று கேள். சில ஆசிரியர்களுக்குத் தங்கள் நடன உருப்படிகள் ஃபோனில் சுற்றுவது பிடிக்காது. அதில் நியாயம் இருக்கிறது. எத்தனையோ பேர் இரவு பகலாக யோசித்துக் கோத்த கோர்வைகள் மறுநாளே வேறு யாரோ ஒருவரின் ரீல்ஸில் வந்து நிற்கின்றன. "எங்கேயும் போடமாட்டேன்" என்று நீயாகவே வாக்குக் கொடு. கொடுத்ததைக் காப்பாற்று.

அனுமதி கிடைத்ததும் முதலில் குரலைப் பதிவு செய். பாட்டு வேண்டாம். டீச்சர் தட்டுக்கழியோடு ஜதி சொல்வது மட்டும், முதலில் நிதானமாக, பிறகு ஆடும் வேகத்தில். அடுத்தது வீடியோ. எதிரில் நின்று எடுப்பது மட்டும் போதாது. எதிரில் எடுத்ததைப் பார்த்து ஆடினால் வலதும் இடதும் குழம்பும், முதுகுப் பக்கமிருந்தும் ஒரு முறை எடு. ஃபிரேமில் பாதம் முழுசாகத் தெரிய வேண்டும். நம் ஆட்கள் எடுக்கும் பரத வீடியோவில் பாதியில் முகம் அழகாக இருக்கும், கால் வெட்டுப்பட்டிருக்கும்.

இதெல்லாம் இருந்தாலும் நோட்டு அவசியம். ஆதி தாளம் என்றால் ஒரு வரிக்கு எட்டுக் கட்டம் போட்டுக்கொள். ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, ஒரு வரி. கட்டத்துக்குள் சொல்லுக்கட்டு, அதற்குக் கீழே அடவின் (அடிப்படை அசைவின்) பெயர், கை, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பது. சாகித்தியம் (பாட்டு வரிகள்) வரும் இடங்களில் வரியின் அர்த்தத்தையும், எத்தனை முறை திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் முகத்தில் என்ன பாவனை என்பதையும் எழுது. ஒரு வரியைக் கதையாக விரித்து அபிநயிக்கும் சஞ்சாரியை எழுத்தில் முழுசாகப் பிடிக்க முடியாது. கதையையாவது குறித்து வை. எழுதி முடித்ததும் உன் குழுவில் பரதம் தெரிந்த ஜூனியர் ஒருத்தியிடம் ஒரே ஒரு ஜதியை மட்டும் டீச்சர் அனுமதியோடு கொடுத்து, "நான் வாயைத் திறக்கமாட்டேன், நோட்டைப் பார்த்து ஆடு" என்று சொல். அவள் எங்கே தடுமாறுகிறாளோ அங்கே நீ எதையோ எழுத விட்டிருக்கிறாய்.

முடிந்தால் இன்னொன்றும் கேட்டுப் பார். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒரு நாள் நட்டுவாங்கம் செய்ய விடுவாரா என்று. தாளத்தைக் கையில் பிடித்துச் சொல்லுக்கட்டை வாயால் சொன்னால்தான் நமக்கு எது தெரியாது என்பது தெரியும். பதின்மூன்று வருடம் ஆடியவர்களுக்கும் அங்கே நாக்குப் புரளாது. எனக்குப் புரளவில்லை.

சரி, இனி உன் பட்டியல். ஆயிரம் பேர் ஆடும் சாதனை நிகழ்ச்சியை விட்டுவிடு. கட்டணம் வாங்கிக்கொண்டு, வெயிலில் மைதானத்தில் நிறுத்தி, ஐந்தாறு நிமிடம் ஆடவிட்டு, ஒரு சான்றிதழும் கேடயமும் தருவார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு பிக்னிக். உனக்கு அதில் ஒன்றும் இல்லை. கட்டிய பணம் போனால் போகட்டும்.

நாட்டியாஞ்சலியை விடாதே. சிதம்பரத்தில் 1981-இல் சிவராத்திரியை ஒட்டித் தொடங்கியது, இன்று தஞ்சை, கும்பகோணம் பக்கமெல்லாம் பல கோயில்களில் நடக்கிறது. பல இடங்களில் போக்குவரத்து, உடை, மேக்கப் எல்லாம் நம் கைச்செலவுதான், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள். ஆனால் மாசி மாத இரவில் கோயில் பிராகாரத்தில், சலங்கை கட்டிக்கொண்டு உன் முறைக்காகக் காத்திருக்கும் அந்த அரை மணி நேரத்தை எந்த ஆடிட்டோரியமும் தராது. நீ எந்த உருப்படியைப் பதிவு செய்கிறாயோ, அதிலிருந்தே அவர்கள் தரும் நேரத்துக்கு ஏற்ற பகுதியை ஆடு. டீச்சரையும் கூட்டிப் போ.

கல்ச்சுரல்ஸில் ஆடு, ஆனால் தலைமையை இப்போதே இரண்டாம் வருடப் பெண் ஒருத்தியிடம் கொடு. ஃபார்மேஷனில் முன்வரிசை யாருக்கு என்ற சண்டையை அவள் தீர்க்கட்டும். அந்தச் சண்டை தீர்ந்ததாக எந்தக் கல்லூரியிலும் சரித்திரம் இல்லை. ஃபேர்வெல்லுக்குத் தோழிகளோடு நாலு நாள் ஒத்திகை பார்த்து ஒரு சினிமாப் பாட்டுக்குக் குத்தாட்டம் போடு. அதில் பரதத்தைக் கலந்து ஃபியூஷன் செய்கிறேன் என்று கிளம்பாதே.

கல்லூரி விட்டதும் காணாமல் போகிற ஒன்று இருக்கிறது. காலியான மேடை. சென்னையில் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்துப் பார், அப்போது தெரியும். உன் கல்லூரி ஆடிட்டோரியத்தில் மரத்தளம் இருந்தால், வாரம் இரண்டு நாள் மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு. தலைவி என்ற பதவி கையில் இருக்கும்போதே கடிதம் கொடு, கையெழுத்துச் சீக்கிரம் கிடைக்கும்.

கால்வலிக்கும் அந்த மரத்தளமே பாதி மருந்து. ஹாஸ்டல் மொட்டைமாடியில் சிமெண்டில் தட்டுகிறாய் என்று நினைக்கிறேன். ஒரு வாரம் தட்டுவதை நிறுத்து. உட்கார்ந்து அபிநயமும் கையும் செய். எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் சுரீர் என்றாலோ, இரவில் சும்மா படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம், தைலம் தேய்த்துச் சமாளிக்கிற விஷயம் இல்லை அது.

படிப்பைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் எனக்கு லேசாகச் சந்தேகம். நிகழ்ச்சிகளுக்காக ஓ.டி. (ஆன் டியூட்டி) வாங்கி வாங்கி அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடாமல் பார்த்துக்கொள். அரியர் இல்லாமல் முடித்தால்தான் சேர்க்கும் கம்பெனிகள் நிறைய. ஆஃபர் லெட்டரை ஒரு முறை ஒழுங்காகப் படி. மாடல் எக்ஸாம் தொடங்கியதும் ஆட்டத்தைத் தினம் இருபது நிமிடமாகச் சுருக்கிக்கொள். அடவு மட்டும் போதும்.

அரங்கேற்றம் பற்றி நீ நேராகக் கேட்கவில்லை. ஆனால் அந்த வரியில் ஒரு ஏக்கம் இருக்கிறது. ஏப்ரலுக்குள் கடன் வாங்கி அவசரமாகச் செய்யாதே. ருக்மிணி தேவி 1904-இல் பிறந்தவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றுக்கொண்டு 1935 டிசம்பரில் அடையாறில் முதன்முதலாகப் பரதம் ஆடியபோது அவருக்கு 31 வயது. அடுத்த வருடம் கலாக்ஷேத்ரா என்ற கலைப்பள்ளியையும் தொடங்கிவிட்டார். உனக்கு இப்போது இருபது. உன் சம்பளத்தில், உன் டீச்சர் நட்டுவாங்கம் செய்ய, லட்சக்கணக்கில் கொட்டாமல் புதுக்கோட்டையிலேயே எளிமையாகச் செய்யலாம், இரண்டு மூன்று வருடம் கழித்து.

பணம் என்றதும் ஞாபகம் வருகிறது. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையுள்ள இளம் கலைஞர்களுக்கு உதவித்தொகை தருகிறது, மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். குருவிடம் ஐந்து வருடமாவது கற்றிருக்க வேண்டும், உனக்கு அது தாராளமாக இருக்கிறது. சி.சி.ஆர்.டி. என்ற நிறுவனத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வரும். வேலையில் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பதாக இருந்தால் நிபந்தனைகளை வரிவரியாகப் படி. டீச்சரின் கடிதத்தை இப்போதே வாங்கி வை.

அம்மாவிடம் சண்டை போடாதே. "முழுக்குப் போடு" என்று அவர் சொல்வதற்குள்ளே வேறு ஏதோ பயம் இருக்கும். வேலையைக் கோட்டை விட்டுவிடுவாய் என்றோ, சென்னையில் இரவு நேரம் கழித்துத் தனியாக வருவாய் என்றோ. எது என்று கேட்டுவிடு. ஞாயிறு காலை வகுப்பு என்றால் பாதிப் பயம் போய்விடும். நாட்டியாஞ்சலிக்கு அவரையும் கூட்டிப் போ. மேக்கப் பெட்டியும் பூவும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சொல், வந்துவிடுவார்.

சென்னையில் யாரிடம் சேருவது என்பதையும் உன் டீச்சரிடமே கேள். பாணி வேறாக இருந்தால் முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டியிலிருந்து திருத்துவார்கள், சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள். முதல் மார்கழியில் காசு செலவழிக்காமலே நிறையப் பார்க்கலாம், காலையிலும் மத்தியானமும் நடக்கும் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது.

தங்க இடம் பார்க்கும்போது ஒன்று. வைஃபை இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று எல்லாரும் கேட்பார்கள். நீ தரைத்தளத்தில் அறை இருக்கிறதா என்று கேள். நான் மாடியில் குடியிருந்தபோது கீழ்வீட்டுக்காரர் இரண்டாவது நாளே வந்து, "மேலே மாவு இடிக்கிறீங்களாம்மா?" என்று கேட்டார்.