டியூஷனை முக்கால் மணி நேரம் தள்ளி வையுங்கள்

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போர்டில் எழுதுவது தெரியவில்லை என்று டீச்சர் சொன்னதால் கண் டாக்டரிடம் காட்டினோம். மைனஸ் 1.25 என்று கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதோடு, தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாட விடுங்கள் என்றும் சொன்னார். கண்ணுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பள்ளி வேன் 4.45க்கு வரும். 5.30 முதல் ஒன்றரை மணி நேரம் டியூஷன். சனி, ஞாயிறு கராத்தே வகுப்பு இருக்கிறது, அது போதாதா? மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பொம்பளப் பிள்ளையை வெயிலில் விட்டால் கறுத்துப் போவாள் என்று அத்தை விடமாட்டேன் என்கிறார். நாலு வயதில் ஒரு மகனும் இருக்கிறான். – ஒரு தாய், காவேரிப்பட்டணம்

பதில்: உங்கள் கண் டாக்டர் சொன்னது சரி. மருந்துச் சீட்டில் எழுத வேண்டிய அளவுக்குச் சரி என்று ஒரு குழந்தை மருத்துவராக நான் சொல்வேன்.

மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை, தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். அது பெரும்பாலும் கண் உருண்டை தேவைக்கு மேல் நீண்டு வளர்வதால் வருகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே சுமார் இரண்டரை பவர் ஏறிவிடும். குழந்தை வளரும்போது கண்ணும் வளரும், ஆனால் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்கு ஒரு சைகை வேண்டும். நல்ல வெளிச்சம் விழித்திரையில் படும்போது அங்கே டோபமின் என்ற பொருள் சுரக்கிறது. கண் அளவுக்கு மீறி நீளாமல் பிடித்து வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு இருப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். டியூப் லைட் போட்ட வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் இருந்தால் அதிகம். வெளியே புளியமரத்து நிழலிலேயே அதுபோலப் பல மடங்கு கிடைக்கும். திறந்த வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண்ணுக்கு இரண்டும் 'வெளிச்சமாகத்தானே இருக்கிறது' என்று தோன்றும், விழித்திரைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

இதைப் பள்ளிகளிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே ஒரு பீரியடு கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் நூற்றுக்குச் சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விட்ட பள்ளிகளில் சுமார் 30 பேருக்கு. 2015இல் வெளியான ஆய்வு இது. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளைத் தினமும் 120 நிமிடம் வெளியே அனுப்பும் திட்டமே நடக்கிறது. உங்கள் டாக்டர் சொன்ன இரண்டு மணி நேரமும் இதே கணக்குதான்.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் வெளி வெளிச்சத்துக்கு உறுதியான சான்று இருக்கிறது. வந்துவிட்ட பவரை அது இறக்காது. ஏறுகிற வேகத்தைக் குறைக்குமா என்பதற்கு அந்த அளவு வலுவான சான்று இல்லை. அதனால் மகள் கண்ணாடியை விடாமல் போட வேண்டும், விளையாடும்போதும்தான். கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்று தெருவில் யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும், பந்து பட்டாலும் எளிதில் நொறுங்காது. பின்னால் ஒரு கயிறு கட்டிவிடுங்கள். வெளி வெளிச்சத்தால் முழு லாபம் அடையப் போகிறவன் உங்கள் நாலு வயது மகன். அக்காவோடு அவனையும் அனுப்புங்கள்.

கராத்தே நல்ல பயிற்சிதான், நிறுத்த வேண்டாம். ஆனால் ஹாலுக்குள் நடக்கிற வகுப்பு கண்ணின் கணக்கில் சேராது. வாரம் இரண்டு நாள் சேர்த்துச் செய்து ஐந்து நாளை ஈடு கட்டவும் முடியாது. இன்னொன்றும் உண்டு. வகுப்பில் மாஸ்டர் சொல்கிறார், பிள்ளை செய்கிறாள். தெருவில் பாண்டி ஆடும்போது கோட்டை யார் போடுவது, காலை ஊன்றிவிட்டாளா இல்லையா, சண்டை வந்தால் ஆட்டத்தைக் கலைப்பதா தொடர்வதா எல்லாமே அவர்கள் முடிவு. நொண்டியடித்துக் குதிப்பதில் எலும்பும் சமநிலையும் பலப்படும், அது எல்லாருக்கும் தெரியும். 'நீ அவுட்டு' என்று நாலு பேர் ஒன்றாகச் சொல்லும்போது அழாமல் வெளியே நின்று, அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கப் பழகுகிறாளே, அதைப் பணம் கட்டிக் கற்றுக்கொடுக்க எனக்குத் தெரிந்து எந்த வகுப்பும் இல்லை. பகலில் நன்றாக ஓடிய பிள்ளை இரவில் போன் கேட்காமல் தூங்குவதையும் ஒரு வாரத்திலேயே பார்ப்பீர்கள்.

இனி நேரம். இரண்டு மணி நேரத்தை ஒரே மூச்சில் தேட வேண்டாம். காலையில் வேன் வருவதற்கு இருபது நிமிடம் முன்பே கீழே இறக்கிவிடுங்கள். இன்டர்வெல் பத்து நிமிடம், மதியம் சாப்பிட்ட பின் இருபத்தைந்து நிமிடம் மரத்தடியில் இருக்கட்டும். இடைவேளையில் வகுப்புக்குள் உட்கார வைத்து நோட்டை முடிக்கச் சொல்வதாக இருந்தால், டாக்டர் சொன்னதை எழுதிக் கொடுத்து வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். இதுவே ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. மீதி ஒரு மணி நேரத்தை டியூஷனிடமிருந்துதான் வாங்க வேண்டும். 5.30ஐ 6.15 ஆக்குங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கணக்கைப் பல்பு வெளிச்சத்தில் போடலாம், பாண்டியை ஆட முடியாது. மூன்றாம் வகுப்புக்கு ஒன்றரை மணி நேர டியூஷன் தேவையா என்றுகூட யோசியுங்கள். என்னைக் கேட்டால் தேவையில்லை.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: மாலை ஐந்து மணி நிழலே கண்ணுக்குப் போதும், வெயிலில் நிற்க வைக்கச் சொல்லவில்லை. தொப்பி போட்டாலும் பலன் குறையாது. அப்படியும் கொஞ்சம் கறுத்தால், அது தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வேலை. சில வாரங்களில் பழையபடி ஆகிவிடும், நீண்டுவிட்ட கண் திரும்பக் குறுகாது. எட்டு வயதில் 'கறுத்துப் போவாள்' என்று உள்ளே வைக்கிற பிள்ளையைப் பத்து வயதில் 'பெரிய பிள்ளை ஆகிறாள்' என்று வைப்போம், அப்புறம் அவள் வெளியே வருவதே இல்லை. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் இப்படி நின்றுபோனவர்களை நிறையப் பார்க்கிறேன். மனசு பொறுக்கவில்லை.

வைட்டமின் டி வேறு கணக்கு. மாலை வெயிலில் அது கிடைப்பது சொற்பம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் தோலில் நன்றாக உண்டாகும். பள்ளியில் அந்த மதிய இடைவேளை இதற்கும் கொஞ்சம் உதவும். சித்திரை, வைகாசியில் மட்டும் பதினொன்று முதல் நாலு வரை வெயிலில் விடாதீர்கள். ஓசூர் மேட்டுப் பகுதி, சூடு குறைவு என்பதால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை, தண்ணீர். ஓடுகிற பிள்ளை நிறையக் குடிக்கும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். நிலைப்பற்களின் எனாமல் உருவாகும் எட்டு வயது வரை அந்த நீர் பல்லில் கறையைப் பதித்துவிடும், அது பிறகு தானாகப் போகாது. காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். தாகம் எடுத்ததும் பக்கத்து போர்வெல் குழாயில் வாய் வைக்காமல் இருக்க, ஒகேனக்கல் தண்ணீரைப் பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள்.

இடம்? மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் பிள்ளையின் நெஞ்சுக்கு மேல் இருந்து, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் சரி. வண்டி ஓடாத சந்து, கோயில் முன்னிடம், பள்ளி மைதானம் எல்லாம் நல்லவை. ஆற்றுக்கு மட்டும் தனியாக அனுப்பவே வேண்டாம். உங்கள் ஊர் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்குக் கீழே இருக்கிறது, மேலே மழை பெய்து தண்ணீர் திறந்தால் பெண்ணையாறு சட்டென்று ஏறும். தண்ணீர் நிற்கும் பழைய கல்குவாரியும் கைப்பிடி இல்லாத கிணறும் அதைவிட மோசம். மாந்தோப்பில் ஆடலாம், ஆனால் பூ வைக்கும் காலத்தில் மருந்து அடித்திருந்தால் சில நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது. தெரு நாய் கடித்தாலோ கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம், ஒரு தவணையும் விடக் கூடாது. முட்டி சிராய்ப்புக்கெல்லாம் தண்ணீரும் சோப்பும் போதும், விளையாட்டை நிறுத்தாதீர்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு முன்பே உங்கள் மகளுக்கு மட்டும் மூச்சு வாங்கினால் என்னைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். ரத்தசோகையோ ஆஸ்துமா எனும் இளைப்போ இருக்கலாம்.

ஆறு மாதம் கழித்துக் கண் பரிசோதனைக்குப் போகும்போது பவர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக் கொள்ளுங்கள். வேகமாக ஏறியிருந்தால் அதை மெதுவாக்கும் சொட்டு மருந்து பற்றிக் கண் டாக்டரிடமே கேளுங்கள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, படம் போட்ட அட்டையைக் காட்டியே பார்த்துவிடுவார்கள்.