நியூ ஜெர்சியில் வீடு, நியூயார்க்கில் வேலை: எந்த மாநிலத்துக்கு வரி?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் பிளெயின்ஸ்போரோவில் இருக்கிறோம். எனக்கு மன்ஹாட்டனில் வேலை. வாரத்தில் மூன்று நாள் ரயிலில் போய் வருகிறேன், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. மனைவிக்கு ஃபிலடெல்ஃபியாவில் வேலை. என் டபிள்யூ-2வில் (நிறுவனம் தரும் வருடாந்திரச் சம்பளச் சான்று) முழுச் சம்பளமும் நியூயார்க்குக்கு ஒரு முறை, நியூ ஜெர்சிக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை வந்திருக்கிறது. இரண்டு மாநிலத்துக்கும் முழு வரி கட்ட வேண்டுமா? வீட்டிலிருந்து வேலை பார்த்த நாட்களைக் கழிக்கலாமா?

பதில்: முதலில் அந்த டபிள்யூ-2. அது தவறாக அச்சானதில்லை. வெளிமாநிலத்தவராக இருந்தாலும், மாநிலத்துக்கான சம்பளம் வரும் 16ஆம் பெட்டியில் ஃபெடரல் சம்பளம் முழுவதையும் காட்டச் சொல்வது நியூயார்க்கின் விதி. நீங்கள் குடியிருக்கும் நியூ ஜெர்சிக்கோ உங்கள் வருமானம் எங்கிருந்து வந்தாலும் கணக்கில் வர வேண்டும். அதனால் ஒரே சம்பளம் இரண்டு வரிசையில் நிற்கிறது. இரண்டையும் கூட்டி வருமானம் இரட்டிப்பாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். நியூ ஜெர்சி எண் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்திலிருந்து பிடிக்கும் தொகையை ஃபெடரலில் கழிப்பார்கள், நியூ ஜெர்சியில் கழிக்க மாட்டார்கள்.

நீங்கள் மூன்று ரிட்டர்ன் போட வேண்டும். ஃபெடரல் முதலில், அடுத்து வெளிமாநிலத்தவருக்கான நியூயார்க் ஐடி-203, கடைசியாக நியூ ஜெர்சி என்ஜே-1040. இந்த வரிசையை மாற்றாதீர்கள். மென்பொருளில் போடுகிறவர்கள் பலர் சொந்த மாநிலத்தை முதலில் முடித்துவிட்டு, கிரெடிட் (வேறு மாநிலத்துக்குக் கட்டிய வரிக்காகச் சொந்த மாநிலம் தன் வரியில் தரும் கழிவு) வரவில்லையே என்று தவிக்கிறார்கள். நியூ ஜெர்சி தரும் கிரெடிட், நியூயார்க் ரிட்டர்னில் முடிவான வரியை வைத்துத்தான் வரும். அந்த எண் இல்லாமல் இதை முடிக்க முடியாது.

ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். உங்கள் சம்பளம் 1,20,000 டாலர், மனைவிக்கு 78,000, வட்டி 2,000. மொத்தம் 2,00,000. நியூயார்க்குக்காக உங்கள் சம்பளத்தில் பிடித்தது 7,000. ஐடி-203 போட்டுப் பார்த்தால் வரி 6,000தான், 1,000 திரும்பி வருகிறது. நியூ ஜெர்சியில் குடும்பத்தின் மொத்த வரி 8,500 என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கிலும் வரி விழுந்த வருமானம் மொத்தத்தில் 60 சதவீதம். 8,500இல் 60 சதவீதம் 5,100. நியூயார்க் வரி 6,000, இந்த உச்சவரம்பு 5,100, இரண்டில் எது குறைவோ அதுதான் கிரெடிட். ஆக 5,100. மீதி 900 போனது போனதுதான். நியூ ஜெர்சி அதைத் திருப்பித் தராது. மொத்தத்தில், உங்கள் சம்பளத்துக்கு இரண்டு மாநில வரிகளில் எது அதிகமோ அதைக் கட்டுகிறீர்கள்.

அந்த 7,000 இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டபிள்யூ-2வின் 17ஆம் பெட்டியில் இருக்கும் பிடித்தத்தை அப்படியே கிரெடிட் படிவத்தில் எழுதுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. உச்சவரம்பு குறைவாக இருந்தால் அது வெளியே தெரியாது. நியூயார்க் வரி குறைவாக வரும் வருடத்தில் கிரெடிட் கூடிப்போய், பிறகு வட்டியோடு நோட்டீஸ் வரும். படிவத்தின் பெயர் என்ஜே-சிஓஜே. ஐடி-203 நகலைக் கையில் வைத்திருங்கள், கேட்பார்கள்.

இனி வீட்டிலிருந்து பார்த்த வேலை. கழிக்க முடியாது என்பதே பெரும்பாலானவர்களுக்கு பதில். உங்கள் அலுவலகம் நியூயார்க்கில் இருந்து, நீங்கள் உங்கள் வசதிக்காக வீட்டில் வேலை பார்த்தால், அந்த நாளையும் நியூயார்க் நாளாகத்தான் அந்த மாநிலம் எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தின் தேவைக்காகவே வேறு மாநிலத்தில் வேலை பார்த்தீர்கள் என்று காட்ட வேண்டும். மேலாளர் அனுமதித்தார் என்பது அதற்குப் போதாது. கனெக்டிகட்டில் குடியிருந்து மன்ஹாட்டனில் பாடம் நடத்திய எட்வர்ட் ஜெலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியரே இதை எதிர்த்து வழக்குப் போட்டு, 2003இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார். வீட்டில் உட்கார்ந்து செய்த வேலைக்கு, கால் வைக்காத மாநிலம் வரி கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனால் இன்றைய விதி இதுதான். ரிட்டர்னில் அந்த நாட்களைக் கழித்துப் பரீட்சை பார்க்காதீர்கள்.

அலுவலக வேலையாக டெக்சாஸில் வாடிக்கையாளரைப் பார்க்கப் போயிருந்தால் அது வேறு கதை. அந்த நாட்களை ஐடி-203-பி படிவத்தில் நியூயார்க்குக்கு வெளியே காட்டலாம். விமான டிக்கெட்டையும் காலண்டரையும் பத்திரப்படுத்துங்கள். அப்புறம், நியூயார்க் நகர வரி உங்களுக்கு இல்லை. வெளியிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு இருந்த நகர வரி 1999இலேயே போய்விட்டது.

உங்கள் மனைவியின் கணக்கு வேறு மாதிரி. பென்சில்வேனியாவும் நியூ ஜெர்சியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவர் சம்பளத்துக்கு நியூ ஜெர்சி மட்டுமே மாநில வரி போடும். பென்சில்வேனியா வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் ரெவ்-419 படிவத்தை அவர் தன் நிறுவனத்தில் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் பென்சில்வேனியா வரி பிடித்திருந்தால், அதற்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் கேட்க முடியாது. பிஏ-40 என்ற அந்த மாநில ரிட்டர்னைப் போட்டு பென்சில்வேனியாவிடமே திரும்ப வாங்க வேண்டும்.

ஒப்பந்தம் மாநில வரிக்கு மட்டும்தான். ஃபிலடெல்ஃபியா நகரம் தன் சம்பள வரியை, வெளியூர்க்காரர்களுக்குச் சுமார் 3.4 சதவீதம், பிடிக்கத்தான் செய்யும். 78,000க்கு ஏறக்குறைய 2,650 டாலர். நல்லவேளை, இதற்கு நியூ ஜெர்சியில் கிரெடிட் உண்டு. தனியாக இன்னொரு என்ஜே-சிஓஜே போட வேண்டும். நிறுவனமே அவரை நகரத்துக்கு வெளியே வேலை பார்க்கச் சொல்லியிருந்தால், அந்த நாட்களுக்கான வரியை நகரத்திடம் திரும்பக் கேட்கலாம். திரும்ப வாங்கிய தொகைக்கு மட்டும் கிரெடிட் கேட்கக் கூடாது.

ஊரில் வைப்புநிதி இருந்தால் அதையும் சேர்க்க மறக்காதீர்கள். என்ஆர்இ கணக்கு (வெளிநாட்டில் சம்பாதித்ததை இந்தியாவில் போட்டுவைக்கும் கணக்கு) வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. ஆனால் நீங்கள் அமெரிக்க வரிக் கணக்கில் ரெசிடெண்ட் என்றால் ஃபெடரலிலும் நியூ ஜெர்சியிலும் உண்டு. என்ஆர்ஓ கணக்கு (இந்தியாவில் வரும் வருமானத்துக்கான கணக்கு) வட்டியில் பிடித்த இந்திய வரிக்கு (டிடிஎஸ்) ஃபெடரல் கிரெடிட் தரும், நியூ ஜெர்சி தராது. வெளிநாட்டு வரிக்கு அங்கே கிரெடிட்டே கிடையாது.

நம் உதாரணத்தில் இரண்டு கிரெடிட்டும் போக நியூ ஜெர்சிக்கு இன்னும் 750 டாலர் போல நிற்கிறது. மனைவியின் நிறுவனம் நியூ ஜெர்சி வரி பிடிக்கிறதா என்று அவருடைய சம்பளச் சீட்டில் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால், பாக்கி 400 டாலரைத் தாண்டும்போது வருடத்துக்குள்ளேயே காலாண்டுத் தவணையாக என்ஜே-1040-இஎஸ் மூலம் கட்டச் சொல்கிறார்கள். அவர் நிறுவனத்தில் என்ஜே-டபிள்யூ4 கொடுத்து ஒவ்வொரு சம்பளத்திலும் கொஞ்சம் பிடிக்கச் சொல்லிவிடுவது அதைவிடச் சுலபம்.