ஒரே பைட் இரண்டு முறை வருவது ஏன்?

கேள்வி: துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளான்ட் ஒன்றிலிருந்து, கம்ப்ரசரைக் கட்டுப்படுத்தும் பழைய போர்டு ஒன்று பழுதுபார்க்க வந்துள்ளது. அதில் 8031 மைக்ரோகன்ட்ரோலரும், அதற்கான கட்டளைகள் எழுதப்பட்ட தனி நினைவகச் சிப்பான ஈப்ராமும் உள்ளன. கம்பிகளில் ஓடும் 0, 1 சைகைகளைப் பதிவுசெய்யும் லாஜிக் அனலைசரை மாட்டி, அந்தப் பதிவைக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் டிஸ்அசெம்பிளியைப் பார்த்தால், ஈப்ராமில் எழுதப்படாத கட்டளைகள் தெரிகின்றன; சில முகவரிகள் இரண்டு முறை வருகின்றன. ஈப்ராம் போய்விட்டதா?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: அதற்குள் ஈப்ராமைக் கழற்ற வேண்டாம். அனலைசர் பார்ப்பது பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் கம்பித் தொகுப்பில்) ஓடும் பைட்களை மட்டுமே. அவற்றில் எதைச் சிப் நிறைவேற்றியது, எதைத் தள்ளிவிட்டது என்பதை டிஸ்அசெம்பிளி மென்பொருள்தான் ஊகித்தாக வேண்டும். 8031, 12 கிளாக் கொண்ட ஒரு மெஷின் சைக்கிளில் பொதுவாக இரண்டு முறை ஈப்ராமைப் படிக்கும். கட்டளை ஒரே பைட்டில் முடிந்துவிட்டால், இரண்டாவதாகப் படித்ததைப் பயன்படுத்தாமல் விட்டுவிட்டு, அதே முகவரியை மறுபடியும் படிக்கும்.

0100, 0101, 0102 ஆகிய முகவரிகளில் முறையே 04, 74, 20 இருப்பதாகக் கொள்வோம் (எல்லாம் ஹெக்ஸ்). 04 என்பது அக்குமுலேட்டரில் (கணக்கிடும் எண்ணைச் சிப் வைத்திருக்கும் இடத்தில்) ஒன்றைக் கூட்டும் ஒரு பைட் கட்டளை. 74, தன்னை அடுத்து வரும் எண்ணை அக்குமுலேட்டரில் ஏற்றும் கட்டளை. பஸ்ஸிலோ 04, 74, 74, 20 என்று வரும். இதை அறியாத மென்பொருள் இரண்டு 74-களையும் சேர்த்து ஒரே கட்டளையாக எடுத்துக்கொண்டு, வெறும் எண்ணான 20-ஐ, பிட்டைச் சோதித்துத் தாவும் மூன்று பைட் கட்டளையின் தொடக்கமாக்கிவிடும். அதன்பின் வரும் வரிகளை நம்ப முடியாது.

ஆகவே மென்பொருளில் 8031-க்குரிய அமைப்பைத் தேர்ந்தெடுத்து, ரீசெட் ஆனவுடன் 0000 முகவரியிலிருந்து பதிவைத் தொடங்குங்கள். அங்கே வரும் முதல் பைட் கட்டளையாகத்தான் இருக்கும். முகவரியின் கீழ்ப்பாதியை, முகவரியைப் பிடிக்கச் சொல்லும் சைகையான ஏஎல்இ (30-ஆம் பின்) இறங்கும்போதும், டேட்டாவை, ஈப்ராமைப் படிக்கும் சைகையான பிஎஸ்இஎன் (29-ஆம் பின்) ஏறும்போதும் பிடிக்க வேண்டும். பிஎஸ்இஎன் இறங்கும்போதே பிடித்தால் ஈப்ராம் இன்னும் பதில் தந்திருக்காது. முகவரியின் மேல்பாதியையும் சேர்த்தால் 18 இணைப்புகள் ஆகின்றன என்பதால், மலிவாகக் கிடைக்கும் 8 சேனல் கருவி இந்த வேலைக்கு உதவாது.

இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்தி வேறு வேலைக்கு அழைக்கும் சைகை) வரும்போது, தாவல் கட்டளை எதுவுமில்லாமலே முகவரி திடீரென 0003-க்கோ 0013-க்கோ போகும். அதுவும் பழுதன்று.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் நீங்காவிட்டால், ஈப்ராமைக் கழற்றி ரீடரில் படித்து, பஸ்ஸில் பிடித்த பைட்களுடன் முகவரி வாரியாக ஒப்பிடுங்கள். ஒரே முகவரியில் ஒவ்வொரு பதிவிலும் வேறு வேறு பைட் வந்தால், முதலில் ஈப்ராமின் சாக்கெட்டைச் சுத்தம் செய்யுங்கள். உப்புக் காற்றில் கிடந்த போர்டில் கால்கள் களிம்பு பிடித்திருப்பது சாதாரணம். மாறாக, நல்ல போர்டிலிருந்து எடுத்த நகலில் 0 ஆக உள்ள பிட், உங்கள் ஈப்ராமில் எப்போதும் 1 ஆகவே வந்தால், அந்தப் பிட்டில் தேங்கியிருந்த மின்னூட்டம் கசிந்துவிட்டது எனக் கருதலாம். அப்போது அந்த நகலை வேறொரு ஈப்ராமில் எழுதிப் பொருத்துங்கள்.